திரை கட்டிய கரத்தையில் களப்புப் பாடம்

எங்கள் பெண்கள் பாடசாலைக்கு மட்டக்களப்பிலிருந்து வந்த விஞ்ஞான டீச்சருக்குக் கரும்பலகையைக் கண்டாலே பிடிக்காது. கடல்தண்ணீர் ஏறும் களப்பில் நிற்கிற கண்டல் மரத்தைப் படிப்பதென்றால் அந்த மரத்தடிக்கே போகவேண்டும் என்பார். ஐம்பதுகளில், கல்முனையில், பெரிய பிள்ளையாகப்போகிற வயதுப் பெண்களை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

எங்களை மாட்டுக் கரத்தையில் களப்புக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டு வீடு வீடாக வந்தார். எங்கள் வாப்பா களப்போரத்தில் வேளாண்மை செய்தவர். "போகட்டும் டீச்சர். ஆனா கரத்தைக்குத் திரை கட்டணும். புள்ளைகள் கீழ இறங்கப்படாது. இறங்கின எண்டு ஒரு கதை என்ட காதுல விழுந்தா, அண்டையோட இவள்ட படிப்பு முடிஞ்சிது" என்றார்.

மற்ற வாப்பாமாரும் அதையேதான் சொன்னார்கள். ஆக, களப்பைப் படிக்கப் புறப்பட்டோம், களப்பைப் பார்க்கக்கூடாது என்ற ஏற்பாட்டோடு! இப்படியொரு கூத்தை எங்கள் ஊரை விட்டால் வேறெங்கே காணலாம்?

உம்மாமாரின் சேலைகளால் முன்னும் பின்னும் மூடிய மாட்டுக் கரத்தைக்குள் ஒருத்தி மடியில் ஒருத்தியாகக் கிடந்தோம். வேர்த்துக் கொட்டியது. நற்பிட்டிமுனை தாண்டியதும், கூடவே நடந்து வந்த டீச்சர் சேலைக்கு அப்பாலிருந்து பாடத்தைத் தொடங்கினார்.

"இடப்பக்கம் ஒரு மீன்கொத்தி இருக்கு, பிள்ளைகள்."

"ஓம் டீச்சர்."

"கண்டல் வேர் தண்ணிக்கு மேல வளைஞ்சு நிக்குது. விளங்குதா?"

"ஓம் டீச்சர்."

என்னத்தை விளங்கியது? பக்கத்திலிருந்தவளின் முழங்கை என் விலாவில் குத்துவதுதான் விளங்கியது. கோபத்தில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அப்போதுதான் கரத்தை சேற்றில் புதைந்தது. கரத்தைக்காரர் மாடுகளை அதட்டினார், வாலை முறுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. "புள்ளைகளை இறக்கினாத்தான் ஏறும் டீச்சர். நான் மாட்டப் புடிச்சிக்கிட்டு முன்னுக்கு நிக்கிறன், திரும்பிப் பாக்கமாட்டன்" என்றார்.

டீச்சர் பதில் சொல்வதற்குள் நாங்கள் குதித்துவிட்டோம். முழங்கால்வரை சேறு. அல்லாஹ்வே, அந்தச் சுகம்! சேற்றின் மேல் செட்டையால் ஊன்றி நடந்துபோன ஒரு மீனைக் கண்டு ஒருத்தி வீரிட்டாள். இன்னொருத்தி பின்பக்கத்துத் திரைச் சேலையை அவிழ்த்து வந்தாள். இரண்டு பேர் நுனிகளைப் பிடித்து வேர்களுக்கிடையில் அரித்து எடுத்தால், சேலை நிறைய மீன்குஞ்சும் இறால்குஞ்சும் துள்ளுகின்றன. "இந்த வேருக்குள்ளதான் இதுகள் வளருது. கண்டலை வெட்டினா களப்பில மீன் இல்ல" என்று டீச்சர் கத்திக் கத்திச் சொன்னார். அவருடைய சேலையும் முழங்கால்வரை நனைந்திருந்தது. கரத்தை எப்போதோ மேட்டில் ஏறிவிட்டது. ஏறிவிட்டதென்று டீச்சரும் சொல்லவில்லை, கரத்தைக்காரரும் சொல்லவில்லை.

மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்தேன். கதை எனக்கு முன்னமே வந்துவிட்டிருந்தது. வாப்பா தொழுகைக்கு வெள்ளைச் சாரன் உடுத்து வாசலில் நின்றார்.

"இறங்கினயா?"

"ஓம் வாப்பா."

களப்பில் பொறுக்கி வந்த, முருங்கைக்காய் போல் நீண்ட பச்சைக் கண்டல் விதையை நீட்டினேன். "இது மரத்திலயே முளைச்ச பொறகுதான் கீழ விழுமாம் வாப்பா. உப்புத் தண்ணிக்க விழுந்தாலும் சாகாதாம்."

அடுப்படியில் உம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றுபோனது. வாப்பா விதையை வாங்கி முளையைத் தடவிப் பார்த்தார். அந்தப் போகத்தில் களப்பின் உவர்த்தண்ணீர் ஏறி எங்கள் பயிர் பாதி கருகிப்போயிருந்தது.

"உப்புத் தண்ணிக்க இது ஏன் சாகுதில்ல?"

"தெரியா வாப்பா. அடுத்த பாடத்தில டீச்சர் சொல்றண்டாங்க."

வாப்பா விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப நாளைக்கு வெள்ளனப் பள்ளிக்கூடம் போ" என்றார். "நல்லாக் கேட்டு வந்து எனக்கும் சொல்லு."

எனக்கு வந்த சந்தோசத்தில் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அடியேய், சேறு! என்ட சாரன்!" என்று வாப்பா கத்தினார். நான் விடவில்லை.