மடிப்பின் மேல் வைத்த ஒப்பம்

மழைக்கு ஊதிப்போன மர லாச்சியை இழுக்கும்போது வரும் அந்தக் கிறீச்சொலி. நேற்றுச் சமையலறையில் கேட்டது. கரண்டி எடுக்கப் போனவள் கரண்டியை மறந்து நின்றேன். எனக்குள் வேறொரு லாச்சி திறந்துகொண்டது. பள்ளிக்கூட மேசையின் லாச்சி. அதற்குள் மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்த லீவுக் கடிதங்கள்.

சண்டைக் காலம். வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சாதாரண தரப் பொதுச் சோதனை எழுதும் வகுப்புக்கு நான் பொறுப்பாசிரியை. வராமல் நின்ற பிள்ளை திரும்பி வரும்போது கடிதம் கொண்டுவர வேண்டும். நான் அதை வாசித்து ஒப்பம் வைத்து, தவணை முடிவில் வரவு இடாப்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். முன்பெல்லாம் காய்ச்சல், வயிற்றுவலி, அம்மன் கோயில் சடங்கு. பிறகு, அண்ணாவைக் காணவில்லை. மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீடு எரிந்துவிட்டது.

முதல் வருஷம் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக் கேட்டேன். கேட்டு, கூடவே அழுதேன். இரண்டாம் வருஷம் அழுகை வரவில்லை. பிள்ளை விம்மிக்கொண்டிருக்கும், என் கண் மணிக்கூட்டைத் தேடும். காலையில் பஸ்ஸில் வரும்போது வேண்டிக்கொள்வேன்: இன்றைக்கு யாருக்கு என்ன நடந்திருந்தாலும் அது என் வகுப்பாக இருக்கக் கூடாது. அப்படித்தான் வேண்டினேன். வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருக்கிறது.

ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். என்னைவிட மூத்தவர்.

"என்னகா, உன்ட மேசை ஆசுபத்திரி வாட்டு மாதிரி இரிக்கி. வாயால சொல்ல உடாத. எழுதித் தாங்க எண்டு சொல்லு."

"எழுதினா வாசிக்கணுமே அக்கா."

"வாசிக்கச் சொல்லி ஆரு சொன்ன?"

எல்லோரும் சிரித்தோம். பகிடியின் அளவுக்கு மீறிய சிரிப்பு. அத்தனை பேரும் அவ்வளவு களைத்திருந்தோம்.

அடுத்த நாள் வகுப்பில் சொன்னேன், எதுவானாலும் எழுதி வையுங்கள் என்று. வைத்தார்கள். மடிப்பைப் பிரிக்காமல் வெளிப்புறத்திலேயே ஒப்பம் வைத்து லாச்சிக்குள் தள்ளினேன். கை வேலை செய்தது, காது ஓய்ந்திருந்தது. எவ்வளவு நிம்மதி.

படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வரும் பிள்ளை ஒன்று. இரண்டு கிழமை வராமல் நின்று, வந்து, கடிதம் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒப்பம் வைத்தேன். நாலு நாள் இடைவேளைக்கு வெளியே போகாமல் என் மேசையடியில் நின்றாள். நான் கொப்பிகளைத் திருத்தினேன். ஐந்தாம் நாள் அவள் வரவில்லை. பிறகு வரவேயில்லை. சோதனைக்கும் வரவில்லை. இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வட்டம் போடும்போது, ஒரு கதை குறைந்தது என்று நினைத்தேன்.

தவணை முடிவில் கடிதங்களைத் திகதிப்படி அடுக்க வேண்டும். திகதி உள்ளே இருந்தது. அதற்காகத்தான் அவளுடையதையும் பிரித்தேன்.

"வயல் வட்டைக்கு வேளாண்மை பார்க்கப் போன அப்பா திரும்பி வரவில்லை. ஒவ்வொரு நாளும் துறை கடந்து வர அம்மா பயப்படுகிறா. சோதனை முடியும்வரை உங்கள் வீட்டில் நிற்க விடுவீர்களா டீச்சர்? எனக்குச் சமைக்கத் தெரியும்."

அன்றே துறைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறி, அக்கரையில் விசாரித்து விசாரித்து நடந்தேன். முற்றத்தில் பிள்ளை நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். தாய் தேத்தண்ணி தந்தா. வாற வருஷம் என்னோடு நின்று சோதனை எழுதட்டும் என்றேன்.

"இனி வேணாம் டீச்சர்," என்றாள் பிள்ளை. "அம்மா தனிய."

தாய் என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனா.

துறைவரை கூட வந்தாள். பாதை திரும்பி வரும்வரை வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நீங்க கையெழுத்து வெச்சத்தக் கண்டன் டீச்சர். மறுமொழி சொல்லுவீங்க எண்டு நாலு நாள் பாத்தன். ஏலாது எண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

வாசித்துவிட்டு மறுத்தவளாகவே போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அது கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

"நான் வாசிக்கல்ல மகள்," என்றேன். "பிரிச்சும் பாக்கல்ல. இண்டைக்குத்தான் வாசிச்சன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் முகம் ஏனோ லேசாகிற்று.

"அப்ப நீங்க மாட்டன் எண்டு சொல்லல்லதானே," என்றாள். "ஏறுங்க டீச்சர், பாதை வெளிக்கிடப் போகுது."