சிலிண்டர் வாயில் விளக்கெண்ணெய்

ஆஸ்பத்திரி குரூப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இதுல நீ எங்கப்பா?" என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது எங்கள் வகுப்பில் தேறியவர்களை நிற்கவைத்து எடுத்த போட்டோ. படித்தது நான்கு பேர், நிற்பது மூன்று பேர். நான் ஏன் அதில் இல்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நின்று மெஷினைத் தயார் செய்து கொடுக்கும் உதவியாளர் படிப்பு அது. பத்தாவது முடித்த எனக்கு அது பெரிய படிப்புதான். மண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். சிலிண்டரைப் பற்றிப் பாடம் நடந்த இரண்டு நாளும் எங்கள் நிலத்தில் நடவு. லீவு போட்டுவிட்டேன். சேரப்பணஞ்சேரியிலிருந்து வரும் நண்பனின் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதினேன். கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும் ஆக்ஸிஜன், நீலம் என்றால் சிரிப்பு வாயு என்பது வரைக்கும் எழுதினேன். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

கடைசிப் பரீட்சை ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள். லீவுக்கு முன்னால் ஆபரேஷன் தியேட்டரைக் கழுவிப் பொட்டு வைக்கும் வேலையை எங்களிடம் விட்டார்கள். என் பங்குக்கு வந்தது பரீட்சைக்கென்று எடுத்துவைத்திருந்த புதுச் சிலிண்டர். சாவி போட்டுத் திறக்கும் அதன் திருகு இறுக்கமாக இருந்தது. பரீட்சை அதிகாரி முன்னால் சாவி சுழலாமல் நின்றால் மானம் போகுமே என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பூஜைக்கு முன்னால் பம்புசெட்டு, வண்டி அச்சு எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டுத் துடைத்த பிறகுதான் சந்தனம் வைப்போம். அதே வழக்கத்தில் சிலிண்டர் வாயிலும் திருகிலும் விளக்கெண்ணெய் விட்டேன். துணியால் துடைத்தேன். ரெகுலேட்டரைப் பூட்டிவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். திருகு இளகியிருக்கும் என்று நம்பி, சாவி போட்டுப் பார்க்காமலே விட்டேன்.

நண்பன் எட்டிப் பார்த்தான். பொட்டு மட்டும்தான் அவன் கண்ணில் பட்டது.

"இன்னாடா, மாட்டுப் பொங்கலா? ஒரு மணியும் கட்டிவுடு."

"போடா. பரீட்சையன்னிக்கி உன்னியக் காட்டிலும் அதுதான் அழகா இருக்கும்."

பரீட்சையன்று காலை முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். அடுத்தது நான். தியேட்டர் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும் கேள்விகளுக்கு மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி கேட்டார்.

"ஆக்ஸிஜன் சிலிண்டர்ல எது படவே கூடாது?"

"எண்ணெய், கிரீஸ் சார். வாயு வேகமா வந்து அதுமேல பட்டா தானா தீப்பிடிக்கும். வெடிச்சிரும். நெருப்புக்குச்சியே தேவையில்ல சார்."

அவன் ஏதோ தப்பாகச் சொல்கிறான், அதிகாரி திருத்துவார் என்று ஒரு நொடி காத்திருந்தேன். அவர் "கரெக்ட்" என்றார்.

பிறகு, "சிலிண்டரைத் திறந்து காட்டு" என்றார்.

சாவி சிலிண்டரில் உரசும் சத்தம் கேட்டது. பரீட்சை நடக்கும்போது உள்ளே நுழைந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எண்ணெய் விஷயத்தைச் சொன்னால் ஒரு வருஷப் படிப்பு அதோடு போச்சு. நன்றாகத் துடைத்தோமே, ஒன்றும் ஆகாது என்றும் ஒரு நினைப்பு வந்தது. பிள்ளைகளே, அந்த நினைப்பு வந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவன் முகம் சிலிண்டர் வாய்க்கு நேராகக் குனிந்திருந்தது கதவிடுக்கில் தெரிந்தது.

"தொறக்காத. நான் எண்ணெ வெச்சிருக்கேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே நின்றேன். நண்பன் சாவியிலிருந்து கையை எடுத்தான், மெதுவாக, சூடான பாத்திரத்தை விடுவது மாதிரி. எங்களுக்குப் பாடம் எடுத்த டாக்டரம்மா குனிந்து திருகை முகர்ந்து பார்த்தார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டுந்தான்மா."

"லீவுல ஒரு அவசர ஆபரேஷன் நடந்துச்சு. நான்தான் மயக்கம் கொடுத்தேன். பழைய சிலிண்டரே போதுமா இருந்தது." அவர் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதிகாரி என் பெயருக்கு நேரே கோடு போட்டார். "ஆறு மாசம் கழிச்சு வா. இப்ப உன்கிட்ட ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்."

சிலிண்டரைத் திறக்காமலே வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். திறக்கக் கூடாது என்று சீட்டு எழுதிக் கட்டிக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சீட்டை எழுதியது நான்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நண்பன் பக்கத்தில் வந்து நின்றான். பஸ் வளைவில் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தான்.

"இந்த மூஞ்சிக்கே எவனும் பொண்ணு குடுக்க மாட்டேன்றான். இதையும் பொசுக்கப் பாத்தியேடா."

நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவன் தன் நோட்டை என் கையில் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டான். நான் அன்றைக்குத் திருப்பாமல் விட்ட பக்கத்தின் முதல் வரியே, எண்ணெய் படக் கூடாது என்பதுதான்.

ஆறு மாதமும் சம்பளமில்லாமல் அதே தியேட்டரில் சிலிண்டர் உருட்டினேன். மறுபரீட்சையன்று காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.

"பரட்டத் தலையோட பரீட்சைக்குப் போறவன இன்னிக்குதான் பாக்கறேன். வூட்ல எண்ணெயா இல்ல?" என்றாள் என் அம்மா.

"இருக்கட்டும்மா."

அதே அதிகாரிதான் வந்திருந்தார். என் முகம் ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. சாவியை நீட்டி, "திற" என்றார்.

நான் உடனே வாங்கவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயையும் திருகையும் வெளிச்சத்தில் பார்த்தேன். திரும்பவும் பூட்டினேன். பிறகு என் இரண்டு உள்ளங்கையையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினேன். அவர் கையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். விரித்த கையில் சாவியை வைத்தார்.