தலைக்கு மூன்று போட்டோ

கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் நூரிஸ் பெர்த்தூஸ் மூன்று போட்டோ எடுத்துவிடுவாள். நெற்றிக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று, பிடரிக்கு ஒன்று. அதற்குப் பிறகு, நாற்காலியில் இருப்பவர் பாதிரியாராக இருந்தாலும் சரி, மீன்காரராக இருந்தாலும் சரி, கண்ணாடி வழியாக முறைத்தபடி ஒரே கேள்விதான்:

"ஏதாவது படத்துல நடிக்கிறீங்களா?"

பாரன்கியா நகரத்து ரெபோலோப் பேட்டையில் படத்தில் நடிப்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்! "நமக்கெல்லாம் யாரு நூரிஸு சான்ஸ் குடுக்கிறா" என்று சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வேண்டாம், ஆமாம் இல்லை என்று பதில் வேண்டும். போன மாதம் வங்கிக் குமாஸ்தா ஒருவர் எரிந்து விழுந்தார்.

"நான் முடி வெட்ட வந்தேனா, பாஸ்போர்ட் எடுக்க வந்தேனா?"

"ரெண்டுந்தான். தலைய ஆட்டாதீங்க."

இதுவரை ஒரே ஒருவரைத் தவிர எவருக்கும் விலக்கு கிடையாது. பெற்ற தாயைக்கூட மூன்று போட்டோ எடுத்த பிறகுதான் தொட்டாள்.

நாற்பத்தொரு வயது. வீட்டின் முன் அறைதான் கடை. ஒரு நாற்காலி, இரண்டு கண்ணாடி, சத்தம் மட்டும் ஒழுங்காகப் போடும் ஒரு மின்விசிறி. கார்னிவல் திருவிழா மாதத்தில் பின்னல் போட நிற்கும் வரிசை தெருமுனை வரை போகும். பத்தொன்பது வருடத்தில் அவள் தொட்ட தலைகளில் ஒன்றைக்கூட மறந்ததில்லை. "போன தடவ கிருதா காது மடலு வரைக்கும் இருந்துச்சே, யாருகிட்ட குடுத்துக் கெடுத்துக்கிட்டு வந்தே?" என்று வாசலிலேயே மானத்தை வாங்கிவிடுவாள். கண்கொத்திப் பாம்பு. வேறு கடைக்குப் போய்விட்டு அவளிடம் வருவதைவிட மொட்டை அடித்துக்கொள்வது மேல் என்பார்கள் பேட்டை ஆண்கள்.

இந்தக் கண்தான் அவளைச் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டு போனது. கடையில் டிவி சீரியல் ஓடும். "அடியே, இப்பத்தானே காதுல கம்மல் இருந்துச்சு, கதவத் தாண்டுறதுக்குள்ள எங்கடி போச்சு?" என்று சீப்பை நீட்டித் திட்டுவாள். எங்களிடம் கத்தாதே, எடுத்தவனிடம் போய்க் கத்து என்று பெண்கள் கேலி செய்தார்கள். சமுதாயக் கூடத்தில் மாலை நேரச் சினிமா வகுப்பு என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. போனாள், சேர்ந்தாள். பதினோரு மாணவர்களில் மற்றப் பத்துப் பேரும் இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள். டீச்சர் இவோனுக்கே இருபத்தொன்பதுதான்.

என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று டீச்சர் கேட்டபோது எல்லோரும் டைரக்‌ஷன் என்றார்கள். நூரிஸ் மட்டும் எடிட்டிங் என்றாள். "தப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுது டீச்சர். அதத் தெரிஞ்சுக்கிட்டே எப்படி ஒட்டுறாங்கன்னுதான் தெரியல." கம்ப்யூட்டர் தொட்டதில்லை என்பதால் முதலில் கன்டினியூட்டி பார்க்கச் சொன்னார்கள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் சட்டைப் பொத்தான் மாறாமல், முடி கலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டாம் வருட வகுப்பில் எடிட்டிங்குக்கு இடம் ஒன்றே ஒன்று. மாணவர் படத்தைப் பார்த்துத்தான் அது யாருக்கு என்று முடிவாகும். அந்த இடத்தின் மேல் அவளுக்கு ஒரு கண் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

கடையின் முன்பதிவு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து படத்துக்குக் குறிப்பு எழுதினாள். "ஷாட் 4: வலது கால் முதலில். வியர்வை நெற்றியில் மட்டும். காற்று, வகிடு கலைந்தது, மறுபடி எடு." ஜனவரியில் பாரன்கியாவில் அடிக்கிற காற்று செருப்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போகும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் ஓடிப்போய் ஹீரோவின் முடியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வருவாள். சினிமாவில் அவளைவிடக் கெட்டிக்காரக் காவல் கிடையாது என்று டைரக்டர் தாய்ரோவே சொன்னான். தாய்ரோ இருபத்திரண்டு வயதுப் பையன். டைரக்டர் ஆவது என்று முடிவெடுத்த அன்றிலிருந்து முடி வளர்க்கிறான், தோளைத் தொட்டுவிட்டது.

கதை சின்னது. அண்ணனிடம் இரவல் வாங்கிய பிக்கோவை ஒருவன் ஒன்பது வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறான். பிக்கோ என்றால் விசேஷங்களில் தெருவையே அதிர வைக்கிற ஆளுயர ஸ்பீக்கர்ப் பெட்டி, முன்னால் புலி வரைந்தது. அதைக் கைவண்டியில் ஏற்றி மூன்று தெரு தள்ளிக்கொண்டு போகிறான். இடையில் பேச்சுவார்த்தையே இல்லாத ஒன்பது வருடம். பன்னிரண்டு நிமிடப் படம். நடித்தவன் வில்ஃப்ரிதோ, நிஜத்தில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிறவன்.

இரண்டு சனிக்கிழமைப் படப்பிடிப்பு. முதல் சனி, வண்டி புறப்படுவதும் தெருவும். இரும்புக் கடை அபெலார்தோ மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். தன் கடை வரும் ஷாட்டில் எதிர்வீட்டு வாசல் வரக் கூடாது. எதிர்வீடு அவருடைய சொந்த அக்காள் வீடு. அப்பா விட்டுப்போன மாமரத்தை யார் வெட்டியது என்பதில் வந்த சண்டை, அவர்களுக்குள் ஆறு வருடமாகப் பேச்சில்லை. நூரிஸ் அதையும் எழுதி வைத்தாள்: "கடை இருந்தால் அக்கா வாசல் கூடாது."

இரண்டாவது சனி, அண்ணன் வீட்டு வாசல். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் வில்ஃப்ரிதோ கடைக்கு வந்தான்.

"நூரிஸக்கா, நாளைக்கு அண்ணன் வீட்டு சீன். ஒம்போது வருஷம் கழிச்சுப் போறேன். இந்தப் புதரோடயா போயி நிக்கிறது?"

"நல்லா இருக்குடா நியாயம்! உக்காரு."

அவ்வளவுதான். பெண் கேட்கப் போனாலும், கோர்ட்டுக்குப் போனாலும், மன்னிப்புக் கேட்கப் போனாலும் முதலில் முடி வெட்டிக்கொள்வதுதான் எங்கள் பேட்டை மரியாதை. அதில் அவளுக்கு என்ன சந்தேகம் வரும்? பிடரியில் கத்தி வைத்து, பவுடர் தட்டி, கண்ணாடி காட்டி அனுப்பினாள். இவன் நாளைக்கு நிற்கப்போவது நிஜ அண்ணன் வாசலில் இல்லை, கேமரா முன்னால் என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் உறைத்தது. வில்ஃப்ரிதோ மாப்பிள்ளை போல வந்து இறங்கினான். தாய்ரோ கையிலிருந்த காப்பி சட்டையில் கொட்டியது.

"எவன்டா இத வெட்டினது?"

"எவனும் இல்ல. நான்தான்" என்றாள் நூரிஸ்.

"கன்டினியூட்டி பாக்குற ஆளே கத்தரிக்கோலத் தூக்கினா நான் எங்கக்கா போயி முட்டிக்கிறது?"

 நூரிஸை வெட்கம் பிடுங்கித் தின்றது. கேமரா திங்கட்கிழமை அடுத்த குழுவுக்குப் போகிறது. முடி வளர மூன்று மாதம் ஆகும். படத்தைத் தெருவில் திரையிடுவதோ அடுத்த ஞாயிறு. அண்ணனாக நடித்த பஸ் டிரைவருக்கு அன்று ஒருநாள்தான் விடுமுறை. வேறு வழியில்லாமல் வெட்டிய தலையோடே எடுத்தார்கள். அதிலும் அந்த டிரைவர் கதவைத் திறந்ததும் வசனத்தை மறந்து, போன வாரம் புதராக இருந்த தலையையே வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இதுவும் போச்சு" என்றான் தாய்ரோ.

சாமான்களைக் கட்டும்போது நூரிஸ் டீச்சர் இவோனிடம் போனாள். "டீச்சர், இத நான் ஒட்டித் தர்றேன். ஒட்ட முடியலைன்னா அடுத்த வருஷம் எடிட்டிங்குக்கு என் பேரக் கூப்பிடாதீங்க."

"நூரிஸ், நீங்க இன்னும் மௌஸையே ரெண்டு கையால பிடிக்கிறீங்க."

"ஒரு வாரம் இருக்குல்ல? ஒரு கைக்கு வந்துருவேன்."

வகுப்பு லேப்டாப் கடைக்கு வந்தது. பன்னிரண்டு முதல் இரண்டு வரை, வெயிலில் ஈ காக்கை வெளியே வராத நேரத்தில் உட்கார்ந்தாள். விசைகளுக்கு நகச்சாயம் பூசிக்கொண்டாள். வெட்டுவதற்குச் சிவப்பு, செய்ததை அழிப்பதற்கு நீலம். முதல் இரண்டு நாளில் நீலம் தேய்ந்தே போயிற்று.

முதலில் மறைக்கப் பார்த்தாள். வாசல் காட்சியில் தலையே தெரியாமல் கை, சக்கரம், புலியின் கண் என்று க்ளோஸ்-அப்பாகப் பொறுக்கி ஒட்டினாள். பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. புதன்கிழமை, தலைக்குச் சாயம் போட்டுக் காத்திருந்த மூன்று பெண்களிடம் போட்டுக் காட்டினாள். ஒரு மூலையில் அரை நொடி காது தெரிந்தது.

"ஏய், இவன் எப்படி முடி வெட்டினான்?"

"எங்க வெட்டினான்னு கேளு. நல்லா வெட்டியிருக்காங்களே!"

அதன்பிறகு அண்ணனாவது தம்பியாவது, மூவரும் முடியைப் பற்றியேதான் பேசினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? நூரிஸ் படத்தை நிறுத்தினாள். கோபம் வந்தது, கூடவே சின்னதாகப் பெருமையும் வந்தது. மறைத்தால்தானே கேட்கிறார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். முதல் சனிக்கிழமைக் கடைசியில் அவள் கையெழுத்தே பதில் சொன்னது: "கேமரா நிறுத்த மறந்தது. எல்லோரும் ஜூஸ் குடிக்கப் போயாச்சு. வண்டி, நாய், ஆள் இல்லை. நாற்பது செகண்டு."

தாய்ரோவைக் கூப்பிட்டாள். "பாரு தம்பி. அண்ணன் வீட்டுத் தெரு வரைக்கும் வந்துட்டான். தட்டுறதுக்குத் தைரியம் வரல. வண்டிய விட்டுட்டு எங்கயோ போயிட்டான். வண்டி தனியா நிக்குது. அப்ப ஒரு சத்தம் மட்டும் கேக்குது."

"என்ன சத்தம்?"

கத்தரிக்கோலை அவன் காதருகே வைத்து வெறுங்காற்றில் வெட்டினாள். தாய்ரோ திரையில் நின்ற வண்டியைப் பார்த்தான். பிறகு, "முடி வெட்டிக்கப் போயிட்டான்" என்றான் மெல்ல.

"ஆனா காத்துல வெட்டினா சத்தம் பொய்யா இருக்கு. முடி வேணும்."

அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துத் தாய்ரோ நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான்.

"அக்கா, வேணாம்க்கா. மூணு வருஷம் வளர்த்தது!"

"டைரக்டருக்குப் படம் பெருசா, கொண்டை பெருசா?"

வெட்டுவதற்கு முன் அவனை மூன்று போட்டோ எடுத்தாள். அந்தப் பழக்கம் அன்றுதான் பிறந்தது. மின்விசிறியை நிறுத்தி, போனைக் கழுத்தருகே வைத்து, நாலு விரல் நீளம் வெட்டினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். சத்தம் நிஜமாக, மொறுமொறுவென்று வந்தது. அந்த வண்டி எத்தனை நொடி நிற்பது என்று அதற்குப் பிறகு ஒரு சண்டை. அவன் மூன்று என்றான், அவள் பதினொன்று என்றாள். "முடி வெட்டிக்கப் போறவன் மூணு செகண்டுல வருவானா? காத்திருக்கட்டும், என் கடையில எல்லாரும் காத்திருக்கிறாங்கள்ல." கெட்டுப்போனது என்று ஒதுக்கிய டேக்கையும் அவளே எடுத்து வைத்தாள். கதவு திறக்கிறது, அண்ணன் வசனம் பேசாமல் தம்பியின் தலையையே பார்க்கிறான். அதற்குமேல் எந்த வசனத்துக்கு வேலை?

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஆளில்லாத அந்த வண்டி நின்றது சரியாக அபெலார்தோ கடைக்கும் அவர் அக்காள் வாசலுக்கும் நடுவில். கொடுத்த வாக்கு போய்விடும். சனிக்கிழமை நேரே இரும்புக் கடைக்குப் போனாள்.

"அபெலார்தோண்ணே, உங்க கடையும் அக்கா வாசலும் ஒண்ணா வருது. வேணாம்னா எடுத்துடறேன். எடுத்தா படம் இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"பதினோரு செகண்டு."

"அவ இருக்காளா?"

"இல்ல. நாய்தான் இருக்கு."

அவர் ஆணி எடை போடுவதை நிறுத்தாமல், "நாய்னா பரவாயில்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம் சமுதாயக் கூடத்துச் சுவரில் படம் ஓடியது. அவரவர் நாற்காலியை அவரவர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சோள மாவில் முட்டை வைத்து அரேப்பா பொரிக்கிற வாசனையும் குழந்தைகள் கூச்சலும் ஒரே ரகளை. நூரிஸ் திரையைப் பார்க்கவில்லை. கடைசியில் நின்று முன்னால் இருந்த தலைகளைப் பார்த்தாள். அதுதான் அவளுக்குப் படிக்கத் தெரிந்த புத்தகம். வண்டி தனியாக நின்றது. நாய் மோந்து பார்த்தது. கத்தரிக்கோல் சத்தம் வந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி. அரேப்பாக்காரி கரண்டியை நிறுத்தினாள். ஒருவர் கை தன்னையறியாமல் பிடரிக்குப் போயிற்று, அப்புறம் இன்னொருவர் கை. நடுவரிசையிலிருந்து ஒரு குரல் கத்தியது: "டேய், முடி வெட்டிக்கப் போயிருக்கான்டா! இன்னைக்குக் கதவத் தட்டிடுவான்!" தெருவே கைதட்டியது. கதவு திறந்து வெட்டிய தலை தெரிந்தது. எப்போது வெட்டினான், யார் வெட்டினது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முன்வரிசை ஓரத்தில் அபெலார்தோ இருந்தார். அவர் கையும் பிடரியில்தான் இருந்தது. விளக்கு போட்ட பிறகும் அதை எடுக்கவில்லை.

டீச்சர் இவோன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அடுத்த வருஷம் அந்த எடிட்டிங் நாற்காலி உங்களுக்குத்தான், நூரிஸ்" என்றாள்.

"தெரியும் டீச்சர். தலையெல்லாம் பாத்துட்டுத்தானே நிக்கிறேன்" என்றாள் நூரிஸ். சொல்லும்போது கண் மட்டும் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக அபெலார்தோ வந்து உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கண்ணாடியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நல்லா வெட்டு. ஒரு இடத்துக்குப் போகணும்."

நாலு நாள் பழக்கத்தில் நூரிஸின் கை போனை எடுத்துவிட்டிருந்தது. அவர் பிடரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்தாள்.