தேரன்று ஹரிஷ்மாவைக் கூப்பிட்டவர்

“தெளிவான உச்சரிப்பும், துணிந்த நெஞ்சும், மங்கலக் குரலும் உடைய திரு. தியாகராசா அவர்கள் இவ்வருடத் தேர்த்திருவிழாவின் அறிவிப்பாளராகக் கடமையாற்றுவார்.”

அச்சுவேலிப் பக்கத்து அம்மன் கோயிலொன்றின் பரிபாலன சபை அடித்த பிரசுரத்தில் இப்படி இருந்தது. அதில் சரியாக இருந்தவை அவருடைய பெயரும், தேர் நடக்கப்போகிறது என்ற செய்தியும்தான்.

மங்கலத்தை முதலில் பார்ப்போம். தியாகராசாவின் தொழில் மரண அறிவித்தல். ஊரில் யாராவது கண்ணை மூடினால், ஓட்டோக் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ச் சொல்லுவார். அவர் குரல் தெருமுனையில் கேட்டால் சமைக்கிறவர்கள் அடுப்பைத் தணிப்பார்கள். சண்டை பிடிக்கிறவர்கள்கூடச் சண்டையை நிறுத்திவைத்து, ஆர் செத்தது என்று காது கொடுப்பார்கள். கோயிலின் வழமையான அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிப்போக, தேருக்கு ஒரு கிழமைக்கு முன் சபைத் தலைவர் பஞ்சலிங்கம் இவரைத் தேடி வந்தார்.

“செத்தவீட்டுக் குரலைக் கோயிலுக்கோ?” என்று கேட்டவர் தியாகராசாவேதான்.

“குரலுக்கென்ன துடக்கோ தீட்டோ? குளிச்சிட்டு வாரும் காணும்.”

அடுத்தது துணிவு. தியாகராசா பயந்த மனிதர். ஆனால் அவரைப் பயப்படுத்தியவர்கள் செத்தவர்கள் அல்லர். நாகம்மா, வேலுப்பிள்ளை, அன்னப்பிள்ளை என்று அவர்களுடைய பெயர்கள் வாயில் தானாக வழுக்கிக்கொண்டு வரும். அவரைப் பயப்படுத்தியவர்கள் பேரப்பிள்ளைகள். “அன்னாரின் பாசமிகு பேரப்பிள்ளைகள்” என்ற இடம் வந்ததும் உள்ளங்கை வியர்க்கும். டென்மார்க்கிலும் கனடாவிலும் பிறந்ததுகளின் பெயர்கள். ஜெய்டன் அவர் வாயில் செயிடன் ஆவான். ஃபியோனா பியோனா ஆவாள். ஒருமுறை ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு ஒரு மகள் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தாள். “அம்மா போனது காணாதெண்டு என்ரை பிள்ளையின்ரை பேரையும் சாக்காட்டிப்போட்டியள்” என்று அழுதாள். அன்றிலிருந்து பேரப்பிள்ளைகளை மட்டும், ஓட்டோ பள்ளத்தில் விழுந்தெழும்பும் நேரம் பார்த்து, அவசரமாகச் சொல்லிவிடுவார்.

ஆக உச்சரிப்பும் முடிந்தது.

தேர் தெற்கு வீதியால் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கிக் கொட்டிலுக்கு ஒரு தகப்பனும் தாயும் ஓடிவந்தார்கள். கோபிசங்கர் அச்சுவேலியில் பிறந்து பிரான்சுக்குப் போனவன். மனைவி நிரோஜினி சிறுவயதிலிருந்து பாரிசில் வளர்ந்தவள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குக் குரல் போய்விட்டிருந்தது.

“அண்ணை, பிள்ளையைக் காணேல்லை. தவில் சத்தத்துக்குப் பயந்து கையை உதறிப்போட்டு ஓடீட்டாள். நாலு வயசு” என்றான் கோபிசங்கர்.

வடக்கு வீதியில் கேணி. இம்முறை படி தெரியாமல் நிரம்பிக் கிடந்தது. தெற்கு வீதியில் உருளும் தேர்ச்சில்லு, ஆள் உயரம். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நாலு வயது. நிரோஜினி கேணிப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேரென்ன?”

“ஹரிஷ்மா.”

தியாகராசாவின் உள்ளங்கை வியர்த்தது.

இந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிள்ளை பிறந்தது புனர்பூசம் மூன்றாம் பாதம். ‘ஹ’ தவிர வேறு எழுத்தில் பெயர் தொடங்கவே கூடாதென்று சாத்திரியார் அடித்துச் சொல்ல, தேடி எடுத்து வைத்த பெயர். யாழ்ப்பாணத்து நாக்கு ‘ஹ’வை விழுங்கிவிடும், ‘ஷ’வைச் சப்பையாக்கிவிடும். இங்கே அவள் அரிஸ்மா. பிரெஞ்சு நாக்கும் ‘ஹ’வை விழுங்கும், போதாததற்கு ‘ர’வைத் தொண்டைக்குள் இழுத்துக் கரகரக்க வைக்கும். தாய் வாயில் அவள் அஃகிஷ்மா. இரண்டு தேசங்களும் ஒற்றுமைப்பட்ட ஒரே விடயம், சாத்திரியார் கேட்ட எழுத்தை இல்லாமற் செய்ததுதான். வந்திறங்கிய நாள்முதல் சொந்தக்காரர் “அரிஸ்மா, இஞ்சை வா” என்று கூப்பிட, பிள்ளை திரும்பியும் பார்த்ததில்லை. தலைக்கனம் பிடித்த பிள்ளை என்று ஊர் தீர்ப்பும் சொல்லியாயிற்று.

தியாகராசா ஒலிவாங்கியைப் பிடித்தார். “ஒரு சிறிய அறிவித்தல்” என்றார். அரோகராவுக்கும் தவிலுக்கும் நடுவில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. தேர் மெல்ல அசைந்தது. பயத்தில் அவருடைய மூளை வெறுமையாயிற்று. வாய் மட்டும், பல வருடமாகப் போய்ப் பழகிய வழியால் தானே போனது.

“அச்சுவேலியைப் பூர்வீகமாகவும், பிரான்சை வதிவிடமாகவும் கொண்ட செல்வி அரிஸ்மா கோபிசங்கர் அவர்கள் இன்று...”

அங்கே நின்றுவிட்டார். அடுத்த சொல் என்னவென்று அவருக்குத் தெரியும். வீதியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

தவில் நின்றது. வடம் பிடித்தவர்களின் கை தளர்ந்தது, தேர் நின்றது. “செல்வியாம். குமர்ப்பிள்ளை போலை” என்று யாரோ ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள். நிரோஜினிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் பாரிஸ் வீட்டில் ஓடும் தமிழ் வானொலியில் இந்த வாசகத்தைக் கேட்டு வளர்ந்தவள். கொட்டில் தூணைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கோபிசங்கர் கேணியை நோக்கி ஓடினான்.

“உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு மரண அறிவித்தலோ காணும்?” என்று பஞ்சலிங்கம் பல்லைக் கடித்தார். “மைக்கைத் தாரும் இஞ்சை.”

அந்தத் தொடக்கத்துக்குத் தியாகராசாவின் வாயில் ஒருநாளும் வேறு முடிவு வந்ததில்லை. தானே அந்தப் பிள்ளையைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டதாக அவருக்குப் பட்டது. ஆனாலும் ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை. வீதி முழுவதும் ஊசி விழுந்தாற் கேட்கும் அமைதி. எங்கள் சனம் சாமிக்கு வாய் மூடாது. மரண அறிவித்தலுக்கு மூடும். அந்த அமைதி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை.

நிரோஜினிக்குப் பக்கத்தில் குந்தினார்.

“பிள்ளை, வீட்டிலை அவளை எப்பிடிக் கூப்பிடுறனீங்கள்?”

அவளுடைய வாயிலிருந்து முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு, “அஃகிஷ்மா.”

“இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

சொன்னாள். அவர் அவளுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒலிவாங்கியில் முயன்றார். வந்தது ஒரு செருமல். நாலு வீதிக்கும் கேட்டது.

“அண்ணைக்குக் கச்சான் கடலை புரைக்கேறீட்டுது” என்றான் வடத்தடியில் நின்ற ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

மறுபடி சொன்னார். எச்சில் தெறித்தது. சிரிப்புக் கூடியது. காது சிவக்கச் சிவக்க, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மறுபடியும் சொன்னார். அஃகிஷ்மா. அஃகிஷ்மா.

கிழக்கு வீதியில், கச்சான் வண்டிலுக்குக் கீழே தொங்கிய சாக்கு அசைந்தது. பட்டுப்பாவாடை முழுக்கப் புழுதியாக ஒரு பிள்ளை தவழ்ந்து வெளியே வந்தது. வண்டில்காரிக்கே அது அங்கே இருந்தது தெரியாது. பிள்ளை ஒருவரையும் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பத்தடிக்குப் போய், மேலே அண்ணாந்து பார்த்து, தாய் அதற்குள் இருக்கிறாளா என்று பிரெஞ்சில் கேட்டது. வண்டில்காரி அதைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடிவந்தாள்.

நிரோஜினி பிள்ளையை வாங்கிக்கொண்ட பிறகும் குரல் ஓயவில்லை. கண்ணை மூடியிருந்தவருக்குப் பிள்ளை வந்தது தெரியாது. பஞ்சலிங்கம்தான் தோளைத் தட்டி நிறுத்தினார்.

அடுத்த வருடப் பிரசுரத்தில் அவரைப் பற்றி என்ன போடுவார்களோ தெரியாது. தியாகராசா செய்தது இதுதான்: தன் வாய்க்கு வராத ஒரு பெயரை, ஊர் சிரிக்கச் சிரிக்க, பிள்ளை வந்துசேரும்வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.