கடைக்கு வந்த அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிலிமத்தலாவையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே அக்கா நிற்கிறாள். கல்யாண வீட்டுக்குக் கட்டும் அரக்குக் கலர் பட்டுச்சேலை. தோளில் ஹேண்ட்பேக், கையில் குடை. மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

"எங்கக்கா கெளம்பிட்ட?"

"உள்ளுக்குத்தான். நீ கொஞ்சம் இங்கனயே நில்லு தம்பி. நான் போனப்புறம் வா."

சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து, தன் சொந்த வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனாள். அந்த வீட்டில் ஒரு நோயாளி போதாதா?

அந்த ஒரு நோயாளி என் அத்தான். அக்காவின் கணவர். கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே கடை, அதே கவுண்டர். வருகிறவர்களில் பெரும்பாலானோர் சுற்றுவட்டாரத்துச் சிங்களச் சனங்கள். அதனால் கடையில் அவர் வாயில் சிங்களம்தான். பெண்கள் வந்தால், "நோனா, மொனவத ஓனே?" ஆண்கள் வந்தால் "மாத்தயா, மொனவத ஓனே?" அம்மா, ஐயா, என்ன வேண்டும்? பதில் வருவதற்குள் அவர் கை துணியை உருவி விரித்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால்? வாய்க்குப் பூட்டு. சாப்பாடு, டிவி, தூக்கம். அக்கா ஏதாவது கேட்டால் 'ம்'. நாள் முழுக்க ஊருக்குப் பேசி வந்த மனுஷன், களைப்பு இருக்காதா என்று அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். நாங்களும் தலையாட்டுவோம்... நமக்கென்ன, நம் வீட்டுக்காரரா?

சித்திரை வருஷப்பிறப்பு வியாபாரம் முடிந்த கையோடு, ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து ரேஸர் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரும் விழுந்தார். வலது கை, வலது கால் இரண்டும் போயிற்று. வாய் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பாரிசவாதம் என்றார்கள்.

உயிர் தங்கியது. பேச்சு தங்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் என்று சொல்லத் தெரியவில்லை. சொல்ல வாயெடுப்பார், உதடு நடுங்கும், கண்ணில் நீர் கட்டும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய தண்டனை.

வார்டுக்கு வந்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். ஸ்டெதஸ்கோப்பும் கையுமாகக் கட்டிலருகே வந்தவரைப் பார்த்து அத்தான் தெளிவாகக் கேட்டார்.

"நோனா, மொனவத ஓனே?"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேச்சு வந்துவிட்டது என்ற சந்தோஷம். டாக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "கையக் காட்டி டாட்டா சொல்லுங்கோ பாப்பம்" என்றார். இடது கை நல்ல கைதான். ஆனால் அத்தான் அதை வெறித்துப் பார்த்தாரே தவிர, அசைக்கத் தெரியவில்லை. டாக்டர் விடைபெற்றுத் திரும்பினார். வாசல்வரை போனவரைப் பார்த்து அதே கை தானாக எழுந்து டாட்டா காட்டியது.

நான் வெளியே ஓடிப் போய் டாக்டரிடம் கேட்டேன்.

"வலக்கையை ஆட்டுறது மூளையின்ர இடப்பக்கம் அண்ணை. அநேகமான ஆக்களுக்குப் பேச்சும் அந்தப் பக்கந்தான். அங்க ரத்தம் போகேல்ல. அதால யோசிச்சுச் செய்யிற பேச்சும், யோசிச்சுச் செய்யிற வேலையும் போயிட்டுது. யோசிக்காமல் பழக்கத்தில வாறது வேற வழியால வரும். சில பேருக்குத் தேவாரம் வரும். சில பேருக்குத் தூசணம், கெட்ட வார்த்தைதான் வரும்."

கடுகண்ணாவை மலையில் மண் சரிந்து பெரிய ரோட்டை மூடிவிட்டால், சனங்கள் காலங்காலமாக நடந்து நடந்து விழுந்த குறுக்குப்பாதையால் இறங்கி வருவார்கள் இல்லையா? அப்படித்தான் என்று நான் விளங்கிக்கொண்டேன். அத்தானின் தலைக்குள் தேய்ந்து கிடந்த குறுக்குப்பாதை அந்த ஒற்றைக் கேள்விதான்.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பார்க்க வந்தவர்களையெல்லாம் அத்தான் கேட்டார். பக்கத்து வீட்டு மாத்தயாவைக் கேட்டார், என்னைக் கேட்டார். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தமிழ் மனுஷன் வாயில் சிங்களம் மட்டும் வருகிறதென்றால், ஏதோ சிங்களப் பேய்தான் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் எலுமிச்சம்பழமும் திருநீறுமாக எதிரே உட்கார்ந்து, "யாரு நீ? என்னா வேணும் ஒனக்கு?" என்று அதட்டினார்.

அத்தான் பணிவாகத் திருப்பிக் கேட்டார். "மாத்தயா, மொனவத ஓனே?"

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்கும்வரை.

காரணம், ஊரையே கேட்ட அத்தான் அவளை மட்டும் கேட்கவில்லை. சோறு ஊட்டுகிறவள் அவள். துடைத்து, உடுப்பு மாற்றி, புரட்டிப் படுக்க வைக்கிறவள் அவள். அவளிடம் ஒரு சத்தம் கிடையாது.

"எல்லார்கிட்டயும் பேசுறாரு தம்பி. என்கிட்ட மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நான் என்னா பாவம் செஞ்சேன்?" என்று அடுப்படியில் நின்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. அவளோடு பேசிப் பேசித் தேய்ந்த பாதை என்று அந்தத் தலைக்குள் ஒன்றுமே இல்லை. அவ்வளவுதான். இல்லாத பாதையில் யார் வர முடியும்?

இது நடந்து சில மாதம். போன மாதம் கம்பளையில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். வரவே மாட்டேன் என்றவளை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். திரும்பி வந்ததும் கால் கழுவக்கூட இல்லை, அந்தப் பட்டுச்சேலை, பேக், குடையோடு அறை வாசலில் போய் நின்று எட்டிப் பார்த்தாள்.

அத்தான் தலையை நிமிர்த்தினார். முகம் மலர்ந்தது.

"நோனா, மொனவத ஓனே?"

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, சந்தையில் பொறுக்கிய அரைகுறைச் சிங்களத்தில், சட்டைத்துணி வேண்டும் என்றாள். அத்தானின் இடது கை போர்த்தியிருந்த பெட்ஷீட்டின் ஓரத்தைப் பற்றி, இழுத்து, அளக்கத் தொடங்கியது. வலது கை பக்கத்தில் சும்மா கிடந்தது. மறுமுனையை அக்கா போய்ப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் இதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டுச் சட்டையோடு போனால் அவர் பார்ப்பதில்லை. அதனால் பின்னேரமானால் பட்டுச்சேலை கட்டி, வெளியே போய், கேட்டைத் திறந்து, கடைக்கு வருகிறாள். நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்தது அதைத்தான்.

துணி வாங்கி முடித்து அவள் வெளியே வந்ததும் கேட்டேன்.

"அவருக்கு நீ யாருன்னு தெரியுதாக்கா?"

"தெரியாது தம்பி. கடைக்கு வந்த யாரோ ஒரு நோனான்னுதான் நெனைக்கிறாரு. எனக்கே வெளங்குது." பட்டுச்சேலையை அவிழ்த்து மடிப்புக் கலையாமல் வைக்க வேண்டுமே என்று மற்ற அறைப்பக்கம் நடந்தவள், நின்றாள். "நல்லா இருந்த காலத்துல ஒருக்காவாச்சும் கேட்டிருக்காரா, ஒனக்கு என்னா வேணும்னு? இப்ப டெய்லி கேக்குறாரு. யாரக் கேட்டா என்னா."

எனக்குத் தாங்கவில்லை. தேத்தண்ணி குடிக்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக, என் மனைவியிடம் போய் "ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

அவள் பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்து, "வலது கையத் தூக்குங்க பாப்போம்" என்றாள்.