மூடாத வலது கண்

என் முகத்தின் வலது பாதி வேலைநிறுத்தம் செய்ததை முதலில் கண்டுபிடித்தவர் துறைமுகச் சாலை டீக்கடைக்காரர். "அண்ணாச்சி, டீ வாய்க்குப் போகல. சட்டைக்குப் போவுது" என்றார்.

மனைவி இறந்தபின் மூன்று வருடமாகத் தனியாக இருக்கிறேன். வீட்டுக்குள் முகத்துக்குப் பெரிய வேலை கிடையாது. அதனால், எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டபோது பதில் தெரியவில்லை. நகைச்சுவை எழுதுகிறவன் தன் சிரிப்பு நின்ற நாளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

காதுக்குப் பின்னால் ஒரு எலும்புச் சந்து வழியாக முக நரம்பு வெளியே வருகிறதாம். வீங்கினால் சந்துக்குள்ளேயே நசுங்கிக்கொள்ளும். கண்ணைத் திறக்கிற தசைக்கு வேறு நரம்பு. மூடுகிற தசைக்குத்தான் இது. ஆகவே என் வலது கண் திறக்கும், மூடாது. "பெரும்பாலும் சரியாகிரும். சிலருக்கு முழுசாத் திரும்பாது" என்றார் டாக்டர். அந்தச் சிலரில் ஒருவனாகும் தகுதி எனக்கு உண்டென்று உடனே தோன்றியது. காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் பயிற்சி: கண்ணை மூடு, கன்னத்தை ஊது, பல்லைக் காட்டு. சமீப காலத்தில் அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சிரித்ததில்லை, பாதிப் பாதியாக என்றாலும்.

ஞாயிறு ஆராதனையில் போதகர், "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். இடது கண் கீழ்ப்படிந்தது. வலது கண் மறுத்தது. எதிரே எங்களைப் பார்த்தபடி பாடகர் குழுப் பெண்கள்.

முடிந்ததும், ஆலயத்தில் மணியடிக்கும் கோயில்பிள்ளை என்னை ஓரமாக அழைத்தார்.

"அண்ணாச்சி, ஜெபத்துல பாட்டுக்காரப் பொம்பளையளப் பாத்துக் கண்ணடிக்கியளாமே?"

"நரம்புக் கோளாறுய்யா."

"இந்த வயசுல எல்லாருக்கும் வாரதுதான்."

"எல்லாரும் கண்ண மூடியிருக்கையில யாருவே பாத்தது?"

"புகார் சொன்னவங்க பேரச் சொல்லலாமா? நல்லா இருக்காதுல்லா."

அடுத்த ஞாயிறும் புகார் வந்தது. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும். கறுப்புக் கண்ணாடி போட்டுப் போயிருக்கலாம். போடவில்லை. ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஐந்தாவது ஞாயிறு, ஜெபத்தின் நடுவில், இமை அசைந்தது. கொஞ்சம் இறங்கியது, நடுங்கியது, பிறகு கீழிமையைத் தொட்டு அங்கேயே நின்றது. இருட்டு. கீற்று வெளிச்சம்கூட இல்லாத முழு இருட்டு. பக்கத்தில் யாரையாவது முழங்கையால் இடித்துச் சொல்ல வேண்டும்போல இருந்தது. எல்லாரும் ஆமென் சொன்ன பிறகும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

வாசலில் கோயில்பிள்ளை நின்றார். "இன்னைக்குப் புகார் ஒண்ணும் வரல அண்ணாச்சி. திருந்திட்டிய போல."

அப்படியானால் நான்கு வாரமாக யாரோ ஒருத்தி, தன் ஜெபத்தையும் விட்டுவிட்டு, என் முகத்தைக் கவனித்து வந்திருக்கிறாள். இன்றும் பார்த்திருக்கிறாள். இனி அவளும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வாள்.

போகிற வழியில் டீ குடித்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை.