படா பைப்பு

1. வெள்ளிக்கிழமை மாலை, டெல்லி ஓக்லா காய்கறி மண்டியிலிருந்து திரும்பும் வழியில், அண்ணனுடைய பிக்கப் வண்டியின் வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரங்கட்டி ஆறவிட்டு, மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

2. சனிக்கிழமை வீட்டு வாசலிலேயே எஞ்சினின் முன்பக்கத்தைப் பிரித்தோம். வாட்டர் பம்ப் ஒழுகிக்கொண்டிருந்தது.

3. கழற்றிய ஒவ்வொரு பாகத்திலும் அம்மா பெயர் எழுதி ஒட்டினாள்.

4. ஞாயிறு மதியத்துக்குள் புதுப் பம்ப்பை வைத்து எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

5. மூன்றரை மணிக்கு, ரிங் ரோடு மேம்பாலம் ஏறும்போது, ரேடியேட்டரின் மேல் பைப்பு பிய்த்துக்கொண்டது.

6. காரணம், அம்மாவின் கையெழுத்தில் இருந்த ஒரு சொல்.

அண்ணன் ஆறு வருடம் பிறர் வண்டி ஓட்டியவன். இந்த பிக்கப்பைப் பழையதாக வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை கிடைத்ததெல்லாம் உதிரி வேலை: ஒரு நாள் வீடு மாற்றும் சாமான், ஒரு நாள் பந்தல் நாற்காலி, இரண்டு நாள் ஒன்றுமில்லை. அந்த வாரம்தான் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையின் மேற்பார்வையாளர், சேலத்துக்காரர், தினமும் காய்கறி கொண்டுவரும் வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். திங்கள் முதல் மூன்று நாள் பார்ப்பார். காலை ஆறு மணிக்குள் சுமை சமையலறை வாசலில் இறங்க வேண்டும். "ஒரு நாள் தவறினாலும் நான் வேற வண்டி பாத்துக்குவேன் தம்பி, கோச்சுக்கக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அண்ணன் வழக்கமாகப் போகும் பட்டறையில் புதன்கிழமைக்கு முன்னால் வண்டியைத் தொட முடியாது என்றார்கள். நான் செய்கிறேன் என்றேன். நான் படித்தது இயந்திரவியல். ஒரு மருத்துவமனையின் குளிர்சாதன இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. தண்ணீர், பம்ப், குழாய், வால்வு ஆகியவற்றோடுதான் தினமும் எட்டு மணி நேரம் கழிகிறது. பிக்கப் எஞ்சினில் இருப்பதும் அதே தண்ணீர்ச் சுற்றுதான், இடம் மட்டும் நெருக்கடி. வண்டி சி.என்.ஜி.யில் ஓடுவது. அந்த வாயுப் பக்கத்தில் கை வைப்பதில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடு மோதி பாக் அரசுக் குடியிருப்பில் தரைத்தளம். அப்பா அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே பழைய போர்வையை விரித்துச் சாவிகளை வரிசையாக அடுக்கினேன். மாடி வீட்டுப் பெரியவர் பால் பாக்கெட்டோடு வந்து நின்றார்.

"பேட்டா, யஹ் கர் ஹை யா கராஜ்?"

இது வீடா, பட்டறையா என்று கேட்கிறார். வண்டிக்கு அடியிலிருந்து அண்ணன் இந்தியிலேயே பதில் சொன்னான், இன்றைக்குப் பட்டறை, திங்கட்கிழமை மறுபடியும் வீடு என்று. பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது தன் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தி இடம் விட்டுப் போனார்.

பம்ப் ஒழுகுவது தெரிந்ததும் நான் புதுப் பம்ப் வாங்கக் காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளுக்குக் கிளம்பினேன். கிளம்புமுன் ஒரு முறை வகுத்துக் கொடுத்தேன். மருத்துவமனையில் எந்தக் குழாயைக் கழற்றினாலும் சீட்டுக் கட்டாமல் கீழே வைக்க மாட்டோம். அதையேதான் இங்கும் சொன்னேன். அண்ணன் கழற்ற வேண்டும், பெயர் சொல்ல வேண்டும். கை சுத்தமாக இருப்பது அம்மாவுக்கு மட்டும்தான் என்பதால் அவள் காகித டேப்பில் எழுதி ஒட்ட வேண்டும்.

இதில் நான் யோசிக்காத ஒன்று இருந்தது. அண்ணனுக்கு வண்டி வேலைச் சொற்கள் எல்லாம் இந்தியில்தான் வரும். டெல்லிப் பட்டறைகளில் கற்றவை. அம்மா இருபத்தைந்து வருடமாகக் காய்க்காரரோடு இந்தியில் சண்டை போடுகிறவள், ஆனால் எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும். ஆகவே அவன் இந்தியில் சொல்ல, அவள் தமிழ் எழுத்தில் எழுதினாள். நான் திரும்பி வந்தபோது போர்வைமேல் எல்லாம் அழகாக வரிசையில் இருந்தன. 'நீச்சே வாலா', 'சோட்டா பைப்பு', 'படா பைப்பு'. கீழே உள்ளது, சின்னது, பெரியது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் அந்தச் சீட்டுகளைப் பார்த்தே பூட்டினேன். மேல் பைப்புதான் இருப்பதில் பெரியது. துடைத்தேன், ரேடியேட்டர் வாயில் நுழைத்தேன், இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை முறுக்கினேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் குமிழி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டேன். பிறகு மூடி போட்டு இருபது நிமிடம். முள் நடுவில் அசையாமல் நின்றது. அம்மா கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டு, ரோட்டில் ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்றேன்.

மேம்பாலத்தில் வெள்ளையாக ஆவி எழுந்தபோது அண்ணன் வண்டியை ஓரத்தில் நிறுத்தினான். மே மாத வெயிலில் அரை மணி நேரம் ஆறவிட்டோம். மேல் பைப்பு ரேடியேட்டர் வாயிலிருந்து கழன்று தொங்கியது. நுனியில், கிளாம்ப் பிடிக்கும் இடத்தில், பழைய வெடிப்பு ஒன்று வாய் பிளந்திருந்தது. அம்மாவின் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது முன்னாடியே கிழிஞ்சிருக்குண்ணா."

"அதான் சொன்னேனே. சீட்டுலயே எழுதியிருக்கு பாரு."

"பெரிய பைப்புன்னு எழுதியிருக்கு."

"எங்கடி பெரிய பைப்பு? படா. கிழிஞ்சது. கழட்டறப்பவே பாத்துட்டு அம்மாகிட்ட சொன்னேன், இது படா பைப்பு, தனியா வைன்னு. நீ பாத்துட்டுதான் மறுபடியும் மாட்டறன்னு நெனச்சேன். இஞ்சினியர் மேடத்துக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

இந்தியில் பெரியதைக் குறிக்கும் சொல்லும் கிழிந்ததைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு வேறு வேறு. முதலாவதில் மென்மையான ப, இரண்டாவதில் காற்று கலந்த ப, நடுவில் அழுத்தமான ட. எங்கள் வீட்டு நாக்கில் இரண்டும் நெருங்கிவிடும். தமிழில் எழுதினால் மிச்சமிருக்கும் வித்தியாசமும் போய் இரண்டும் ஒன்றாகிவிடும். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அவன் படான்னான், நான் படான்னு எழுதினேன்" என்றாள் அம்மா. "அதுல என்ன தப்பு?"

"நடுவுல ஒரு 'ட்' போட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேம்மா."

"போட்டிருந்தா பட்டா ஆயிருக்கும். வண்டிக்கு எதுக்கு நெலப் பட்டான்னு கேட்டிருப்ப."

அண்ணன் சிரித்துவிட்டான். நானும்தான். ஆனால் தவறு அம்மாவுடையது இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. சீட்டு இருக்கிறதே என்று பைப்பை வளைத்துப் பார்க்காமல் மாட்டியது நான். மருத்துவமனையில் இப்படிச் செய்த ஒருவரிடம் நானே விளக்கம் கேட்டிருப்பேன்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் போனைக் கையில் எடுத்தான்.

"சேலத்துக்காரர்கிட்ட சொல்லிடறேன். நாளைக்கு வேற வண்டி பாத்துக்கட்டும். காலைல நடுரோட்டுல நின்னா இன்னும் அசிங்கம்."

"கால் மணி நேரம் குடு. அப்புறம் சொல்லு."

புதுப் பைப்பு வேண்டுமென்றால் காஷ்மீரி கேட் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஷட்டர் இறங்கியிருக்கும். மூன்று விஷயங்களைப் பார்த்தேன். வெடிப்பு நுனியிலிருந்து இரண்டு விரல்கடை. அதற்கு அப்பால் பைப்பை எல்லாப் பக்கமும் வளைத்தேன், ரப்பர் கெட்டியாக இருந்தது. பைப்பு நேராகப் போகாமல் வளைந்து போவதால், மூன்று விரல்கடை வெட்டினாலும் வாய்க்கு எட்டும். இருக்கைக்கு அடியில் ஒரு ஆக்ஸா பிளேடு இருந்தது. துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நேராக அறுத்தேன். அறுத்த முகத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்த்த பிறகே மாட்டினேன். கேனில் இருந்த தண்ணீரை ஊற்றி, மேம்பாலத்தை இரண்டு முறை ஏறி இறங்கினோம். முள் நடுவிலேயே நின்றது.

"தாங்குமா?" என்று கேட்டான்.

"நாளைக்குத் தாங்கும். செவ்வாக்கிழமைக்குப் புதுசு போட்டுடணும். நாளைக்கு நானும் வரேன்."

"ஆபீஸ்?"

"ஒம்பது மணிக்குத்தான்."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை விடியும்போது வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மூட்டைகளோடு ஓக்லாவிலிருந்து கிளம்பினோம். வழி முழுக்க நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ரோட்டைப் பார்த்தது அவன். ஐந்து நாற்பதுக்கு விடுதியின் பின்வாசலில் நின்றோம். மேற்பார்வையாளர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மூட்டைகளை எண்ணினார். என்னைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டார்.

"என்ன தம்பி, மொத நாளே ஆளோட வந்திருக்க?"

"மெக்கானிக்குண்ணா."

"கம்பெனி மெக்கானிக்கா?"

"தங்கச்சி."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "ஆறு மணிக்கு முன்னாடி வந்துட்டீங்க, அச்சா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். அண்ணன் சுமை இறக்கும்போது நான் பானட்டைத் திறந்து பைப்பின் அடியில் கைவைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

இன்றைய நிலை இதுதான். செவ்வாய்க்கிழமை மதியம் புதுப் பைப்பு மாட்டினேன். மூன்று நாளும் சுமை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விடுதி வேலை அண்ணனுக்குக் கிடைத்துவிட்டது, வாரத்துக்கு ஆறு நாள். கீழ் பைப்பும் பழசுதான், இந்த மாதக் கடைசிக்குள் மாற்ற வேண்டும். ரேடியேட்டரின் இடது ஓரத்தில் லேசான துரு இருக்கிறது. அடுத்த கோடை வரை தாங்கும் என்று நினைக்கிறேன்.